வரம்பின்மேல் நடந்த கமிட்டி

மேனாத்துக்கரி பஞ்சாயத்துக் கமிட்டியில் எந்தத் தீர்மானமும் பழம்பொரி ஆறுவதற்குள் நிறைவேறிவிடும். பழம்பொரி போட்டுக் கொடுக்கிறவன் நான் என்பதால் இதை அடித்துச் சொல்வேன். பஞ்சாயத்து ஆபீஸ் படித்துறைக்கு இந்தப் பக்கம் என் டீக்கடை. நாகர்கோவிலை விட்டு வந்து முப்பத்தோரு வருஷமாகிறது. இங்கேயே பெண் கட்டி, இங்கேயே வீடு போட்டு, இங்கேயே ஓட்டும் போடுகிறேன். ஆனாலும் ஊருக்கு நான் இன்னும் ‘அண்ணாச்சி’தான்.

அவ்வளவு வேகமாகத் தீர்மானம் நிறைவேறுவதற்குக் காரணம் கையெழுத்து. மெம்பர்கள் பதின்மூன்று பேரும் வள்ளத்தை விட்டு இறங்கி மாடி ஏறியதும் முதல் வேலையாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மினிட்ஸ் புத்தகம் மேஜைமேல் திறந்தே கிடக்கும். விஷயம் என்ன என்பதைக் கிளார்க் மேலே எழுதியிருப்பான். அதற்குக் கீழே அரைப்பக்கம் காலி. அந்தக் காலிக்குக் கீழே பதின்மூன்று கையெழுத்து. முடிவு என்னவென்று செக்ரட்டரி சாவகாசமாக எழுதிக்கொள்வார். பன்னிரண்டரைக்கு வள்ளம், அதை விட்டால் அடுத்தது மூன்று மணிக்கு. அதனால் வந்த பழக்கம். தெருவிளக்கு, நாய்க்கு ஊசி, பாலத்துக்குக் கைப்பிடி என்று விஷயம் சில்லறையாக இருந்தவரைக்கும் இதில் யாரும் குறை கண்டதில்லை.

அந்தக் கார்த்திகையில் வந்த விஷயம் சில்லறை இல்லை. வார்டுகளைப் பிரித்து அடுக்கும் கமிஷனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் எட்டு, ஒன்பது, பத்தாம் வார்டுகளை எடுத்துக் கிழக்கே உள்ள நகரசபையோடு சேர்க்கலாம் என்று இருக்கிறார்கள். பஞ்சாயத்தின் அபிப்பிராயம் என்ன என்று கேட்டிருந்தார்கள். ஆளும் கட்சிக்கு எங்கள் பஞ்சாயத்தில் எட்டு மெம்பர், எதிர்த்தரப்புக்கு ஐந்து. இந்த மூன்று வார்டுகளின் ஓட்டு அந்தப் பக்கம் போனால் நகரசபையும் ஆளும் கட்சியின் கைக்கு வந்துவிடும். மேலிடத்தில் கணக்குப் போட்டு, சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாம் வார்டு மெம்பர் குசுமமும் ஆளும் கட்சிதான். என் பக்கத்து வீட்டுக்காரி. பாடம் என்றால் இங்கே வயல்வெளி; எங்கள் இரண்டு வீடும் முந்நூறாம் பாடத்தின் வெளிவரம்பில் இருக்கின்றன. வரம்புக்கு ஒரு பக்கம் காயல், மறுபக்கம் வயல். காயல் தண்ணீர் எப்போதும் வயலைவிட ஓர் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும்.

கமிட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜினதேவன் வந்தான். கட்சியின் ஏரியாப் பொறுப்பு அவனிடம். மெம்பர் இல்லை, ஆனால் மெம்பர்களை மேய்ப்பது அவன்தான். குசுமம் அப்போதுதான் வேலை முடிந்து கழுத்துவரை சேற்றோடு கரையேறியிருந்தாள். மெம்பர் ஆன பிறகும் நூறு நாள் வேலைக்கு அவள் போவதை நிறுத்தவில்லை. நாற்பத்திரண்டு பெண்கள் சேர்ந்த கூட்டம் அது. வருஷா வருஷம் காயலடியிலிருந்து களிமண்ணை வெட்டி, வள்ளத்தில் ஏற்றி, இந்த வரம்பின் நாலு கிலோமீட்டரையும் ஒரு முழம் உயர்த்துவார்கள். வரம்பு ஒவ்வொரு வருஷமும் ஒரு முழம் அமிழும். இவர்கள் விட்டுவிட்டால் இரண்டாவது வருஷம் நானும் குசுமமும் கூரைமேல்தான் குடியிருக்க வேண்டும்.

குசுமத்தின் புருஷன் சோமன் மோட்டார்ப் புரையில் வேலை செய்கிறவன்; புரை என்றால் கொட்டகை. வயல் தண்ணீரை இறைத்துக் காயலில் விடும் பெரிய மோட்டாரை ஓட்டுவது அவன். மரச்சீனிக் கிழங்கும், குடம்புளி போட்ட வரால் மீன் கறியும் அவன்தான் வைத்திருந்தான். எனக்கும் ஒரு தட்டு கிடைத்தது. ஜினதேவன் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை போட்டுக்கொண்டான்.

“குசுமம், நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்திரணும்.”

“நான் எந்தக் கமிட்டிக்கு வராம இருந்தேன்?”

“வரதப் பத்திச் சொல்லல்ல. வந்து பிரசங்கம் வைக்க வேண்டாம்னு சொல்லுதேன். பிரசிடெண்ட் மாஷு படிப்பாரு, நீ கை தூக்குவ, அண்ணாச்சி டீ தருவாரு. அவ்வளவுதான் சோலி.”

“நகரசபைல நூறு நாள் வேலை உண்டா ஜினதேவேட்டா?”

“அங்க அதுக்குப் பதிலா வேற திட்டம் உண்டு.”

“வேற திட்டம் பத்து வருஷமாத் துருத்து வார்டுலயும் உண்டு. அங்க போய் வரம்பு எங்கன்னு கேளும். தண்ணிக்கு அடியில கெடக்கு. அந்த நகரசபைல போய்ச் சேந்த மறு வருஷமே பொம்பளைங்க கூட்டத்தக் கலைச்சாச்சு. கருங்கல்லு கெட்டுவோம்னாங்க. கல்லு வந்துதா? ஆகாயத்தாமரை வந்துது. பூத்துக் கெடக்கு, போய்ப் பாரும், நல்ல அழகாட்டு இருக்கு.”

ஜினதேவன் கையை நக்கிவிட்டு, உள்ளே விளக்கடியில் துணி மடித்துக்கொண்டிருந்த ஷீபாவைப் பார்த்தான். குசுமத்தின் ஒரே மகள். கட்சி நடத்தும் கூட்டுறவு ஸ்டோரில் தற்காலிக வேலையில் இருந்தாள்.

“மோளுக்கு அந்த வேலை நிரந்தரமாவுத நேரமாக்கும் இது. நான் வேற ஒண்ணும் சொல்லல்ல,” என்றான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, வேறு ஒன்றும் சொல்லவில்லை என்பது அவன் வழக்கம்.

அவன் வள்ளம் ஏறிப் போன பிறகு சோமன் தட்டுகளைக் கழுவியபடியே ஆரம்பித்தான்.

“எடீ, நீ ஒருத்தி எதுத்தா மாறிரப்போவுதா? எட்டுல ஒண்ணு போனாலும் ஏழு இருக்கு. உன் பேருதான் கெடும்.”

“அஞ்சும் ஒண்ணும் ஆறு. இன்னும் ஒருத்தன் வந்தா ஏழு.”

“எவன் வருவான்?”

“எட்டாம் வார்டு குஞ்ஞப்பன் வருவான். அவன் வாத்து நம்ம பாடத்துலதான மேயுது.”

“குஞ்ஞப்பன் வாத்துக்கு உள்ள தைரியம் குஞ்ஞப்பனுக்குக் கெடையாது. கட்சி தந்த சீட்டுடீ அது. கொஞ்சம் நன்றி வேணும்.”

“சீட்டு கட்சி தந்தது. இந்த வரம்பு ஆரு தந்தது? பதினாறு வயசுலேருந்து என் தலையில சொமந்து போட்டதாக்கும். நீரு நிக்கது அதுக்கு மேலதான்.”

“ஷீபாவ நெனச்சியா?”

“அவளும் நிக்கது அதுக்கு மேலதான்.”

சோமன் தட்டைத் தேவைக்கு அதிகமாகத் தேய்த்தான். எனக்கு ஜினதேவன்மேல் வந்த கோபத்துக்கு அவன் சாப்பிட்ட வராலைத் திரும்ப வாங்கியிருப்பேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. டீக்கடைக்காரனுக்கு இரண்டு கட்சியிலும் வாடிக்கை உண்டு. அந்தக் கோழைத்தனத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன், நடுநிலை என்று.

மறுநாள் பௌர்ணமி. கார்த்திகைக்கு இந்த ஊரில் விருச்சிகம் என்று பெயர்; அந்தப் பௌர்ணமி என்றால் இங்கே எல்லோருக்கும் ஒரு கண் காயல்மேல்தான் இருக்கும். கடல் உள்ளே தள்ளும், வேலியேற்றம் என்பார்கள். காலையிலிருந்தே படித்துறையின் மூன்றாவது படி தெரியவில்லை. முந்நூறாம் பாடத்தில் தண்ணீரை இறைத்து விதைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. விரல் நீளத்துக்குப் பச்சை.

நான் டீயோடு மாடி ஏறும்போது பதின்மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். குசுமமும் போட்டிருந்தாள். நாலு வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. ஜினதேவன் வாசலுக்கு வெளியே பெஞ்சில் போனும் கையுமாக இருந்தான். பிரசிடெண்ட் சதானந்தன் மாஷ் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மனிதர் நல்லவர். நல்லவர் என்பதால்தான் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். செக்ரட்டரி பிரசன்னகுமார் மலைப்பக்கத்து ஆள், நீச்சல் தெரியாது. வள்ளத்தில் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு வருவார். அவர் கடிதத்தைப் படித்து முடித்தார்.

“நகரசபைல சேந்தா தெருவிளக்கு வரும். குப்பை எடுக்க வண்டி வரும். வளர்ச்சி வரும்,” என்றார் மாஷ், யாருடைய முகத்தையும் பார்க்காமல்.

எதிர்த்தரப்பு லூக்கோச்சன் பழம்பொரியைக் கீழே வைத்தார். “மாஷே, குப்பை வண்டி எதுல வரும்? எங்க வார்டுல ரோடே கெடையாதே. நீந்தி வருமா?”

“சிரிக்கத விடும் லூக்கோச்சா.”

“நான் சிரிக்கல்ல. வண்டிக்கு நீச்சல் தெரியாட்டா நம்ம செக்ரட்டரி சாரு கதிதான்னு சொல்லுதேன்.”

வாத்துக்காரன் குஞ்ஞப்பன் தொண்டையைச் செருமினான். “எனக்கு ஒரு சந்தேகம். என் வாத்து காலம்பற எட்டாம் வார்டுல மேயும், உச்சைக்கு ஆறாம் வார்டுக்குப் போவும். எட்டு நகரசபை, ஆறு பஞ்சாயத்துன்னு வந்தா லைசென்ஸ் எங்க எடுக்கணும்?”

“முட்டை எங்க இடுதோ அங்க,” என்றார் லூக்கோச்சன்.

குஞ்ஞப்பன் வாசல் பக்கம் பார்த்தான். ஜினதேவன் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். குஞ்ஞப்பன் சந்தேகத்தை அத்தோடு விட்டுவிட்டான்.

குசுமம் எழுந்தாள். சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, வேலைக்குப் போகிற மாதிரியே நின்றாள்.

“மாஷே, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். முந்நூறாம் பாடம் மூணு வார்டுல கெடக்கு. மோட்டார்ப் புரை ஒம்பதுல. வாய்க்கா தலை ஏழுல. ஏழு இங்க, ஒம்பது அங்கன்னா, தண்ணிய எப்ப எறைக்கணும், எப்ப விடணும்னு ஆரு சொல்லுவா? இப்பம் நாப்பது விவசாயியும் புரைத் திண்டுல இருந்து ஒரு மணிக்கூருல பேசி முடிக்கோம். நாளைக்கு நகரசபைல ஒரு கமிட்டி, பஞ்சாயத்துல ஒரு கமிட்டி. அவுங்க பேசி முடிக்க வரைக்கும் தண்ணி பொறுக்குமா?”

“அதெல்லாம் ஒப்பந்தம் போட்டுக்கிடலாம்.”

“தண்ணி கூடயா? சரி, அத விடும். வரம்பு ஆரு போடுவா? அதுக்கு மட்டும் பதில் சொல்லும். எங்க நாப்பத்திரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு, மழைக்கு முன்ன மண்ணு போட ஆரு வருவா? பேரச் சொல்லும். ஆளு பேரச் சொன்னா நான் இப்பமே கை தூக்குதேன்.”

மாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த நேரத்தில்தான் கூவல் கேட்டது. கிழக்கேயிருந்து, நீளமாக, ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்து, வீடு வீடாக வரம்பு வழியே வருகிற கூவல். வரம்பு உடைகிறது என்று அர்த்தம். இது கேட்டால் இங்கே யாரும் ஏன் எங்கே என்று கேட்பதில்லை. கல்யாண மாப்பிள்ளையானாலும் தாலியை வைத்துவிட்டுப் போவான். எந்தக் கட்சி, எந்த ஜாதி, யார் வயல் என்பதெல்லாம் தண்ணீர் நின்ற பிறகுதான். கேட்டும் போகாதவன் வீட்டில் சாவு விழுந்தால் சுடுகாட்டுக்கு வள்ளம் தர ஆளிருக்காது.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஜன்னலில் நின்ற லூக்கோச்சன், “ஒம்பதாக்கும். புரைக்குத் தெக்க,” என்றார்.

புரைக்குத் தெற்கே என்றால் குசுமத்தின் வீடும் என் வீடும். டீத்தட்டைக் கீழே வைத்தேன்.

“ரெண்டு நிமிஷம்,” என்றார் மாஷ். அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்தது. “கை தூக்கிட்டுப் போயிரலாம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் அனுப்பணும்.”

யாரும் அசையவில்லை. கூவலைக் கேட்டுக்கொண்டு ஓர் அறையில் பதின்மூன்று பேர் நிற்பதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. அப்போது ஜினதேவன் வாசலில் நின்று சொன்னான்:

“எதுக்கு மாஷே, எல்லாரும் போட்டும். கையெழுத்துதான் போட்டாச்சே. மிச்சத்த செக்ரட்டரி பாத்துக்கிடுவாரு.”

குசுமம் அதற்குள் வாசலைத் தாண்டிப் படியில் இறங்கியிருந்தாள். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் நின்றாள். திரும்பி வந்தாள். நேராக மேஜைக்குப் போய், மினிட்ஸ் புத்தகத்தை மூடி எடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“மெம்பரே, அது ஆபீஸ விட்டு வெளிய போகக் கூடாது,” என்று செக்ரட்டரி எழுந்தார்.

“என் கையெழுத்தும் நான் இல்லாத எடத்துல இருக்கக் கூடாது சாரே. நான் எங்க போறேனோ அது அங்க வரும்.” என்னைப் பார்த்தாள். “அண்ணாச்சி, அந்தத் தாளத் தாங்க.”

பழம்பொரிக் கூடையை மூடும் பிளாஸ்டிக் தாளை உருவிக் கொடுத்தேன். முப்பத்தோரு வருஷ நடுநிலை அதோடு போயிற்று. அவள் புத்தகத்தை அதில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் லூக்கோச்சன், குஞ்ஞப்பன், எல்லோரும். மாஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஓடும்போதுதான் அவர் முகம் தெளிந்தது. ஆளும் கட்சியின் இரண்டு மெம்பர்கள் மட்டும் ஜினதேவனுக்குப் பயந்து நாற்காலியிலேயே இருந்தார்கள். ஆனால் அந்த ஜினதேவனே போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். அவனும் இந்தத் தண்ணீரில் பிறந்தவன். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

கடைசியாக வந்து வள்ளத்தில் விழுந்தவர் செக்ரட்டரி. “என் புத்தகம், என் புத்தகம்” என்றுகொண்டே ஷூவோடு ஏறி, கண்ணை மூடிக்கொண்டார்.

மோட்டார் வள்ளத்தில் பத்து நிமிஷம். வரம்பு இரண்டு கையையும் விரித்த அகலத்துக்குத் திறந்துவிட்டிருந்தது. நண்டு வளை ஏதோ வாயாகிப் பெரிதாகியிருக்க வேண்டும். காயல் அதன் வழியே வயலுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. சோமன் புரைக் கதவைக் கழற்றி அந்த வாயில் குறுக்கே வைத்து, முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தான். மார்பளவு தண்ணீர். உதடு நீலம். உள்ளே ஒன்பது நாள் பயிர் ஓர் ஓரமாக முங்க ஆரம்பித்திருந்தது.

“பலகை,” என்றான்.

புரையின் தடுப்புப் பலகைகளைப் பெயர்த்தோம். வாயின் இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு பலகை. ஒரு பலகைக்கு இரண்டு பேர் வீதம் மெம்பர்களும் வள்ளக்காரனும் தண்ணீரில் இறங்கி, கைகளாலும் தோளாலும் தள்ளிப் பிடித்தார்கள். குசுமம் புத்தகத்தை மோட்டார் மேலே வைத்து, செக்ரட்டரியை அதன் பக்கத்தில் உட்கார்த்திவிட்டு, சோமனோடு போய் நின்றாள். ஜினதேவன் கடைசிப் பலகையில், இரண்டாம் வார்டு மெம்பர் சுகதனோடு. சுகதன் கட்சி சொன்னால் கிணற்றில்கூடக் குதிப்பான், அப்படி ஒரு விசுவாசி. நானும் கூவல் கேட்டு வந்த இன்னொருவனும் பலகைகளுக்கு முன்னால் தென்னங்குற்றிகளை அடித்து இறக்கினோம். களிமண் வராமல் குற்றி நிற்காது. களிமண்ணுக்கு நாற்பத்தொரு பெண்கள் வடக்குக் கோடியிலிருந்து வள்ளங்களில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் குலவை போடாத குறையாகத் துழாவும் சத்தம் கேட்டது. கால் மணி நேரமாவது பலகையை விடாமல் பிடித்தாக வேண்டும்.

எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அந்தக் கால் மணி நேரத்தில் குசுமம் பேசினாள்.

“மாஷே, கமிட்டி முடிஞ்சுதா?”

பக்கத்துப் பலகையில் தாடையைப் பலகையோடு ஒட்டி நின்ற மாஷ், “எப்படி முடியும்? நான் பிரிச்சு விடல்லியே,” என்றார்.

“அப்பம் நடக்கு. தலைவரு இங்க, செக்ரட்டரி இங்க, புத்தகம் இங்க. பதின்மூணுல பதினோரு பேரு இங்க. வார்டு விஷயம் பாக்கி கெடக்கு. ஓட்டுக்கு விடும்.”

“குசுமம்,” என்றான் ஜினதேவன், “இது வெளையாடுத எடம் இல்ல.”

“வெளையாட்டு ஆபீசுல இருந்துது ஜினதேவேட்டா. ஆளில்லாத நேரம் பாத்து எழுதுதது. அஞ்சு மணிக்குள்ள பதில் போவணும்னு சொன்னது மாஷுதான. நான் நேரத்துக்குச் செய்யச் சொல்லுதேன்.”

சோமனுக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் நன்றி வேண்டும் என்று சொன்ன அதே வாயால், “அவ கேக்கது சட்டந்தான மாஷே,” என்றான்.

மாஷ் பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற குரலில் சொன்னார்:

“எட்டு, ஒம்பது, பத்து வார்டுகள நகரசபைக்கு விட்டுக் கொடுக்கலாம்னு தீர்மானம். ஆதரிக்கவங்க கை தூக்கலாம்.”

பதினோரு பேருடைய இருபத்திரண்டு கைகளும் பலகையில் இருந்தன. நான் குற்றி அடிப்பதை நிறுத்திவிட்டேன். சுகதன் ஜினதேவனைப் பார்த்தான், மாஷைப் பார்த்தான், கட்சியை நினைத்தான். மெதுவாக வலது கையைப் பலகையிலிருந்து எடுத்துத் தூக்கப் போனான். பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. காயல் முழுவதும் அந்த இடுக்கு வழியாக ஜினதேவனின் முகத்தில் அடித்தது.

“கைய எடுக்காதடா மூதேவி,” என்று ஜினதேவன் அலறினான். “கைய எடுத்தா எல்லாம் போச்சு.”

சுகதன் கையைப் பழையபடி பலகையில் வைத்தான். அப்போதுதான் ஜினதேவனுக்குத் தான் சொன்னது என்னவென்று உறைத்தது. மூக்கிலிருந்து தண்ணீர் வடிய, கண்ணை மூடிக்கொண்டான். லூக்கோச்சன் சிரித்த சிரிப்பில் அவர் பலகையும் ஆடிற்று. குஞ்ஞப்பன் அவரைத் திட்டினான்.

“ஆரும் கை தூக்கல்ல,” என்றார் மாஷ். “தீர்மானத்துக்கு ஆதரவு இல்ல, தோத்துப்போச்சு. எழுதிக்கிடும் சாரே.”

செக்ரட்டரி மோட்டாரைக் கட்டிப்பிடித்தபடி, “எதிர்க்கவங்க எத்தனை பேருன்னு எழுதணுமே,” என்றார்.

“எதிர்க்கவங்க பலகையப் பிடிச்சிட்டு நிக்காங்கன்னு எழுதும்,” என்றாள் குசுமம்.

அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். முதல் வள்ளத்திலிருந்து தங்கள் பாட்டுக்குக் குதித்து, ஒருத்தி கையிலிருந்து ஒருத்திக்குக் களிமண் கட்டிகள் போக ஆரம்பித்தன. இருபது நிமிஷத்தில் வாய் அடைந்தது. மெம்பர்கள் கையை எடுத்துக்கொண்டு கரையேறினார்கள். நகரசபையில் இந்த வேலைக்கு என்ன திட்டம் இருக்கிறது என்று ஜினதேவனிடம் அப்போது கேட்டிருக்கலாம். பாவம், இருமிக்கொண்டிருந்தான்.

புத்தகத்தில் செக்ரட்டரி எழுதினார். மாஷ் தன் கையெழுத்துக்கு மேலேயே முடிவை வாசித்துப் பார்த்து, காலி இடத்தில் வேறு எதுவும் நுழைய முடியாதபடி ஒரு கோடு போட்டார். கோட்டின் முழு நீளத்துக்கும் அவர் விரல் சேறு இழுத்துக்கொண்டு போயிற்று. குசுமம், குஞ்ஞப்பன், லூக்கோச்சன் எல்லோரும் வாசித்துப் பார்க்கிறேன் என்று தொட்டதில் பக்கம் பாதி மறைந்துவிட்டது.

“இத இப்படி அனுப்ப முடியாது. வேற தாளுல நல்லா எழுதித் தாறேன்,” என்றார் செக்ரட்டரி.

“வேண்டாம் சாரே,” என்றாள் குசுமம். “இதையே நகல் எடுத்து அனுப்பும். எந்த மண்ணப் பத்திக் கேட்டாங்களோ அந்த மண்ணுதான.”

நாலரை மணிக்கு அது போயிற்று. அந்த வாரமே குசுமத்தைக் கட்சியிலிருந்து நீக்கிக் கடுதாசி வந்தது. ஷீபாவை ஸ்டோரில் சனிக்கிழமை நிறுத்தினார்கள். திங்கட்கிழமை அவள் அம்மாவோடு மண் சுமக்க இறங்கினாள். முதல் நாள் ராத்திரி தோள் வலியில் அழுதாள் என்று சோமன் சொன்னான். சொல்லிவிட்டு அவனும் என் கடையில் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குசுமம் அழவில்லை. மெம்பர் பதவிக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, அதுவரைக்கும் அந்த நாற்காலி என்னுடையது என்று கமிட்டிக்கு வந்து உட்காருகிறாள். ஒரு மாற்றம்: இப்போது ஒருவரும் முடிவு எழுதுமுன் கையெழுத்துப் போடுவதில்லை. பழம்பொரி ஆறிப்போகிறது, மறுபடி சூடாக்கிக் கொடுக்கிறேன்.

போன வாரம் கமிஷனிலிருந்து பதில் வந்தது. பஞ்சாயத்து அனுப்பிய பக்கம் படிக்கும் நிலையில் இல்லை; நிறைய ஆட்சேபம் இருப்பதாகத் தெரிவதால் அதிகாரிகள் நாலு பேர் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று ஒரு தேதி போட்டிருந்தது. குசுமம் கடிதத்தோடு என் கடைக்கு வந்து, சுவரில் தொங்கும் காலண்டரைத் தாள் தாளாகத் தள்ளிப் பார்த்தாள்.

“அன்னைக்குத் தண்ணி எறங்கிக் கெடக்கும் அண்ணாச்சி. ஒண்ணும் தெரியாது,” என்றாள். “பௌர்ணமிக்கு வரச் சொல்லி எழுதப்போறேன். பதினோரு மணிக்கு. ஷூ வேண்டாம்னும் எழுதுதேன்.”

எழுதிப் போட்டுவிட்டாள். சோமன் புரையின் பலகைகளைக் கழற்றி, கழுவி, வெயிலில் சாய்த்து வைத்திருக்கிறான். நாலு பேருக்கு இரண்டு பலகை போதும்.